லிஸ்பனில் தனியாக ஒரு பகல்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி இதுதான். வேலை நிமித்தம் ஐரோப்பா சென்ற ஒரு பெண்மணிக்கு ஊர் திரும்பும் வழியில் லிஸ்பனில் ஒரே ஒரு பகல் கிடைக்கிறது. துணைக்கு யாரும் இல்லை. காலை எட்டு மணியிலிருந்து இரவு ஒன்பது மணிக்குள் 28ஆம் எண் டிராம், கோட்டை, பெலேம் கோபுரம், சிந்த்ரா அரண்மனை எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா, தனியாகச் சுற்றுவது பத்திரமா என்று கேட்கிறார்.

முடியும். ஆனால் நாள் முடிவில் உங்கள் நினைவில் தங்குவது வரிசையில் முன்னால் நின்றவரின் முதுகாகத்தான் இருக்கும். நான் அந்த ஊருக்கு நான்கு முறை போயிருக்கிறேன், அதில் மூன்று முறை தனியாக. முதல் முறை உங்கள் பட்டியலைப் போலவே ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓடினேன். அதனால் உரிமையோடு சொல்கிறேன், பட்டியலைக் கிழித்துப் போடுங்கள்.

முதலில் சிந்த்ராவை அடித்துவிடுங்கள். ரயிலில் நாற்பது நிமிடம்தான் என்பார்கள். உண்மைதான். இறங்கிய பிறகு மலைமேல் போகிற பஸ்ஸுக்கு ஒரு வரிசை, அரண்மனைக்குள் நுழைய இன்னொரு வரிசை, கீழே இறங்க மறுபடியும் ஒன்று. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். அடுத்து கோட்டை. குன்றின்மேல் கம்பீரமாக நிற்கும் அந்த மதில்களில் கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பகுதி 1940ஐ ஒட்டி சர்வாதிகாரி சலாசாரின் அரசு ‘பழையபடி’ கட்டி நிறுத்தியது. மயில்கள் உலவும், காட்சி நன்றாக இருக்கும். அதே காட்சி காசில்லாமல் கிடைக்கும் இடங்கள் நான்கைந்து இருக்கின்றன. 28ஆம் எண் டிராம் பற்றி பிறகு சொல்கிறேன்.

லிஸ்பனைப் புரிந்துகொள்ள ஒரு தேதி போதும்: 1755 நவம்பர் 1. அன்று புனிதர் அனைவரின் திருநாள். காலை ஒன்பதரை மணி தாண்டி, ஊரில் பாதிப்பேர் கோவில்களில் பூசையில் இருந்த நேரத்தில் நிலம் குலுங்கியது. பீடம்தோறும் மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. கூரைகள் சரிந்தன, தீ பிடித்தது. தப்பியவர்கள் கட்டடங்களுக்குப் பயந்து ஆற்றங்கரையின் திறந்தவெளிக்கு ஓடினார்கள். அங்கே தண்ணீர் பின்வாங்கி, ஆற்றின் அடியில் கிடந்த பழைய கப்பல் உடைசல்கள் வெளியே தெரிந்தன. சிறிது நேரத்தில் அலை வந்தது. 2004 டிசம்பரைப் பார்த்த நமக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. தண்ணீர் எட்டாத இடங்களில் தீ ஐந்தாறு நாட்கள் எரிந்தது. அரசன் முதலாம் ஜோசே உயிர் பிழைத்தான். ஆனால் அதன்பின் கற்கட்டடத்துக்குள் தூங்க மறுத்து, குன்றின்மேல் மரத்தாலும் துணியாலும் ஆன கூடாரத்தைத் தன் அரண்மனையாக்கிக்கொண்டான்.

இந்த ஒரு தேதியோடு நடந்தால் ஊர் மூன்றாகப் பிரிந்து தெரியும். விழாமல் நின்றது, விழுந்த பிறகு புதிதாகக் கட்டியது, விழுந்ததை அப்படியே விட்டுவைத்தது. அல்ஃபாமா, பைஷா, கார்மோ. மூன்றும் ஒன்றுக்கொன்று நடை தூரம். உங்கள் பகலை இதற்குக் கொடுங்கள். பெலேமை மாலையில் சுருக்கமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் சிவப்புத் தடத்தில் ஏறி, அலமேடாவில் பச்சைத் தடத்துக்கு மாறினால் ரோசியோ வந்துவிடும். இயந்திரத்தில் அரை யூரோ கொடுத்து நவகாந்த் அட்டை ஒன்றை வாங்கி அதில் பத்து யூரோ போல ஏற்றிக்கொள்ளுங்கள். மெட்ரோ, டிராம், ரயில், படகு எல்லாவற்றுக்கும் அது ஒன்றே செல்லும். உருளைப் பெட்டியைக் கட்டாயம் எங்காவது வைத்துவிட்டு வாருங்கள். அந்த ஊர் நடைபாதை முழுக்க முஷ்டி அளவு கற்களைக் கையால் பதித்துப் போட்டது. வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லும் கறுப்பு எரிமலைக்கல்லும். பெட்டியின் சக்கரம் அதில் எழுப்பும் சத்தத்தில் நீங்கள் நினைப்பது உங்களுக்கே கேட்காது. செருப்பிலும் கவனம் வேண்டும். பல கால்கள் தேய்த்துத் தேய்த்து அந்தக் கற்கள் மெருகேறியிருக்கின்றன. தூறல் விழுந்தால் எண்ணெய் தடவிய தரைதான். இரண்டாவது பயணத்தில் முழங்கால் சிராய்த்துக்கொண்டு கற்ற பாடம். ரப்பர் அடி உள்ள காலணி போதும், அழகு பார்க்க வேண்டாம்.

ரோசியோ சதுக்கத்தில் அதே கற்களை அலை அலையாகப் பதித்திருக்கிறார்கள், 1840களின் வேலை. நிற்கும்போது தரை ஆடுவதுபோல இருக்கும். நிலநடுக்கம் கண்ட ஊரின் நடுவில் ஆடுகிற தரையைப் போட்ட துணிச்சலை நான் ரசித்ததுண்டு.

காபி குடிக்க உட்காராதீர்கள். கவுன்டரில் நின்று ‘உம பிக’ என்றால் சின்னக் கோப்பையில் கடுங்காபி வரும், மேசைக்குப் போனால் கொடுப்பதைவிடக் குறைந்த விலையில். பால் வேண்டுமென்றால் ‘கலாவ்’ என்று கேளுங்கள், உயரமான கண்ணாடித் தம்ளரில் தருவார்கள். தனியாக வந்தவருக்கு இந்தக் கவுன்டர் ஒரு வரம். அங்கே நிற்கிற எல்லோருமே தனியாக வந்தவர்கள்தான், யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நன்றி சொல்லும்போது நீங்கள் ‘ஒப்ரிகாத’ என்று சொல்ல வேண்டும். ஆண்கள்தான் ‘ஒப்ரிகாது’. கண்ணாடிப் பெட்டிக்குள் முக்கோணமாக, நமக்குப் பழக்கமான ஒன்று இருக்கும். அதன் பெயர் ‘ஷமூச’. சமோசாவேதான், போர்ச்சுகல் ஆண்ட நாடுகள் வழியாக வந்து உள்ளூர்க்காரனாகிவிட்டது. பெரும்பாலும் உள்ளே இறைச்சி இருக்கும், சைவம் என்றால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

காபி முடிந்ததும் சதுக்கத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் சாவ் டொமிங்கோஸ் கோவிலுக்குப் போங்கள். உங்கள் பட்டியலில் இது இல்லை. எத்தனையோ பேரின் பட்டியலில் இல்லை. எனக்கு லிஸ்பனில் ஒரே ஓர் இடம்தான் பார்க்கக் கிடைக்கும் என்றால் இதைத்தான் கேட்பேன்.

வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வெள்ளை முகப்பு. உள்ளே காலடி வைத்ததும் கண் பழக ஒரு நிமிடம் ஆகும். பிறகு தூண்கள் தெரியும். தோல் உரிந்த தூண்கள். 1959 ஆகஸ்டில் பிடித்த தீயில் பளிங்கு வெடித்துச் சில்லு சில்லாகப் பெயர்ந்த இடம் அப்படியே இருக்கிறது. சில தூண்கள் இடுப்பளவில் மெலிந்து, கறையான் தின்ற பனைமரம்போல நிற்கின்றன. புனிதர்களின் மாடங்கள் சில காலியாக இருக்கின்றன. இதற்கு முன்பே 1531 நிலநடுக்கத்திலும் 1755 நிலநடுக்கத்திலும் அடிபட்ட கோவில் இது. தீக்குப் பிறகு பல ஆண்டுகள் மூடியே கிடந்து, 1994இல் மறுபடி திறந்தபோது மேலே புதுக் கூரையை மட்டும் போட்டு அதற்குச் செங்காவி நிறம் பூசினார்கள். சுவரையும் தூணையும் தொடவில்லை. பூசை நடக்கிறது, காலையில் வயதான பெண்கள் வந்து உட்காருகிறார்கள். நான் போயிருந்தபோது ஒருவர் வெளியேறும் முன் ஒரு தூணின் உடைந்த விளிம்பை இரண்டு விரலால் தொட்டுவிட்டு நடந்தார், வீட்டை விட்டுக் கிளம்பும்போது கதவு நிலையைத் தொடுவதுபோல.

அந்தக் கோவிலுக்கு இன்னொரு தழும்பும் உண்டு, அது கல்லில் தெரியாது. 1506 ஏப்ரலில், கொள்ளைநோயும் வறட்சியும் வாட்டிய நேரத்தில், இங்கே சிலுவையில் ஒளி தோன்றியதென்று கூட்டம் பரவசப்பட்டது. அது மெழுகுவத்தியின் பிரதிபலிப்பாக இருக்கலாம் என்று ஒருவர் சொல்லிவிட்டார். அவர் கட்டாயத்தின்பேரில் மதம் மாற்றப்பட்ட யூதர்களில் ஒருவர். அங்கேயே அடித்துக் கொன்றார்கள். துறவிகள் இருவர் தூண்டிவிட, மூன்று நாட்கள் ஊரெங்கும் கொலை நடந்தது. சுமார் 2000 பேர் செத்திருப்பார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கோவிலுக்கு எதிரே தாவீதின் நட்சத்திரம் பதித்த ஒரு நினைவுக்கல் இருக்கிறது, 2008இல் வைத்தது. அதைச் சுற்றிலும் செல்போன் பேசிக்கொண்டு, குழந்தைக்குப் பழம் உரித்துக்கொடுத்துக்கொண்டு மக்கள் இருப்பார்கள். பக்கத்திலேயே செர்ரி வகைப் பழத்தில் செய்த ‘ஜிஞ்ஜீன்ய’ மதுவைச் சின்னக் குவளையில் விற்கும் பழைய கடை, நின்றபடி குடிப்பார்கள். காலை ஒன்பதரைக்கே குடிப்பார்கள்.

இனி ஆற்றை நோக்கி இறங்கினால் பைஷா. தெருக்கள் கோடு போட்டதுபோல நேராக ஓடும், வீடுகள் எல்லாம் ஒரே உயரம், ஜன்னல்கள் எல்லாம் ஒரே அளவு. முதல் தடவை ‘இதில் என்ன இருக்கிறது’ என்று கடந்து போய்விட்டேன். விஷயம் தெரிந்த பிறகு அதே தெருவில் அரைநாள் நின்றேன். நிலநடுக்கத்துக்குப் பின் அரசனின் அமைச்சர், பிற்பாடு பொம்பால் பிரபு என்று பெயர் பெற்றவர், பொறுப்பை எடுத்துக்கொண்டார். மனுவேல் த மாயா என்ற மூத்த பொறியாளர், பழையபடியே கட்டுவதிலிருந்து வேறிடத்தில் புது ஊர் எழுப்புவதுவரை பல வழிகளை எழுதிக் கொடுத்தார். இடிபாடுகளைத் தரைமட்டமாக்கி அதே இடத்தில் அகலத் தெருக்களோடு புது ஊர் என்று முடிவானது. சுவர்களுக்குள் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கூண்டுபோல் நிறுத்தினார்கள். அதன் பெயரே ‘கயோல’, கூண்டு. மண் ஆடினால் கூண்டும் சேர்ந்து ஆடும், கல் உதிர்ந்தாலும் வீடு நிற்கும் என்பது கணக்கு. மாதிரிக் கூண்டு செய்து, சுற்றிலும் படைவீரர்களைக் கால் அதிர அணிவகுத்து நடக்கவைத்துச் சோதித்ததாகச் சொல்வார்கள். வீட்டுக்கு வீடு தீத்தடுப்புச் சுவர் வைத்தார்கள், அது கூரைக்கு மேலும் எழும்பி நிற்கும். கதவும் ஜன்னலும் இரும்புக் கம்பிகளும் ஒரே அளவில் செய்து கொண்டுவந்து பொருத்தினார்கள். அந்த ஒரே மாதிரித்தன்மை சலிப்பால் வந்ததில்லை, அவசரத்தால் வந்தது.

பொம்பால் செய்த இன்னொரு காரியம் எனக்கு அதைவிடப் பிடிக்கும். நாட்டின் எல்லாக் கத்தோலிக்கக் கோவில் பங்குகளுக்கும் ஒரு கேள்வித்தாளை அனுப்பினார். எவ்வளவு நேரம் குலுங்கியது? எந்தப் பக்கமாக அதிகம் விழுந்தது? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா? கிணறுகளிலும் ஊற்றுகளிலும் மாற்றம் தெரிந்ததா? கடவுளின் கோபம் என்று பிரசங்கம் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஓர் அரசு இப்படிக் கேட்டது. பங்குக் குருக்கள் எழுதி அனுப்பிய பதில்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. நிலநடுக்க ஆய்வாளர்கள் இன்னமும் அவற்றைப் புரட்டுகிறார்கள்.

பைஷாவின் தெருப் பெயர்களையும் படித்துக்கொண்டே நடங்கள். ஒவ்வொரு தெருவையும் ஒரு தொழிலுக்கு ஒதுக்கினார்கள்: தங்கத் தெரு, வெள்ளித் தெரு, துணி வணிகர் தெரு. ‘ரூவ துஷ் சப்பத்தெய்ரூஷ்’ என்று ஒன்று வரும், செருப்புத் தைப்போர் தெரு. யாழ்ப்பாணத்தில் காலணியைச் சப்பாத்து என்பார்கள் அல்லவா, அந்தச் சொல்லின் சொந்த ஊர் இது.

‘ரூவ துஷ் கொரியெய்ரூஷ்’, அதாவது சேணத் தொழிலாளர் தெருவில், ஒரு வங்கிக் கட்டடத்தின் அடியில் போக முடியும். இலவசம். வழிகாட்டியோடுதான் இறங்கலாம், முன்பதிவு செய்துகொள்வது நல்லது. 1990களில் கட்டடத்தைச் சீர்செய்யத் தோண்டியபோது ரோமானியர்கள் மீனை உப்பில் ஊறவைத்த தொட்டிகள் கிடைத்தன. அவற்றின் மேல் அரபுக் காலம், அதன் மேல் இடைக்காலம். எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு 1755க்குப் பின் அறைந்த பைன் மரக் கட்டைகள் வரிசையாக நிற்கின்றன. வண்டல் மண்ணில் நிலத்தடி நீர் நிற்பதால் அந்தக் கட்டைகள் மக்கவில்லை. காய்ந்தால்தான் ஆபத்து. மேலே கோடுபோட்ட அந்தத் தெருக்கள் முழுதும் இப்படி ஈரத்தில் நிற்கிற மரத்தின்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

தெருக்களின் முடிவில் ஆறு, அதன் கரையில் ஒரு சதுக்கம். சதுக்கத்தின் இப்போதைய பெயர் வணிகச் சதுக்கம். உள்ளூர்க்காரர்கள் இன்னமும் ‘அரண்மனைத் திடல்’ என்கிறார்கள், 1755இல் அடித்துப் போன அரண்மனை நினைவாக. மிளகுக் கணக்கெல்லாம் எழுதிய இந்திய அலுவலகமும் இங்கேதான் இருந்தது, அதுவும் போயிற்று. நடுவில் குதிரைமேல் ஜோசே, கற்கட்டடத்துக்குப் பயந்த அதே மனிதர். படித்துறையில் இரண்டு தூண்கள் தண்ணீருக்குள் நிற்கும். பத்து நிமிடம் உட்கார்ந்து காலை ஆற்றிக்கொள்ளுங்கள். இங்கும் ரோசியோ பக்கமும் யாராவது அருகில் வந்து கிசுகிசுத்து, போதைப்பொருள் என்று ஏதோ பொட்டலம் விற்கப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அது வெறும் பிரிஞ்சி இலைத்தூள் என்று சொல்லிச் சிரிப்பார்கள் ஊர்க்காரர்கள். தலையாட்டிவிட்டு நடந்தால் பின்னால் வர மாட்டார்கள்.

பத்திரம் பற்றிக் கேட்டீர்கள். வன்முறைக்குப் பயப்பட வேண்டிய ஊர் இல்லை. ஜேப்படிக்குப் பயப்பட வேண்டிய ஊர். நெரிசலான ஒரு டிராமில் நானே பணப்பையைப் பறிகொடுத்திருக்கிறேன், அதுவும் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தம்பதியிடம் ‘கவனமாக இருங்கள்’ என்று சொல்லி முடித்த கையோடு. 28ஆம் எண் டிராமில் பகலில் ஏற வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அது ஒரு காரணம். ஒரு மணி நேரம் காத்திருந்து உள்ளே நசுங்கி நின்றால் ஜன்னலே தெரியாது என்பது இன்னொரு காரணம். 1930களின் அந்த மஞ்சள் மரப் பெட்டி தெருமுனையில் சுவரை உரசாமல் திரும்புகிறதே, அது வெளியிலிருந்து பார்க்க வேண்டிய அழகு. கடவுச்சீட்டை உடையோடு உடையாக வைத்துக்கொள்ளுங்கள். தோள்பையை முன்பக்கம் போடுங்கள்.

அல்ஃபாமாவுக்கு மேலிருந்து கீழே இறங்குவதுதான் முழங்காலுக்கு நல்லது. துணி வணிகர் தெருவில், வீட்டு வாசல்போல இருக்கும் ஒரு கதவுக்குள் ஒரு மின்தூக்கி இருக்கிறது. காசு கிடையாது. அது ஏற்றிவிடும் தெருவிலிருந்து சில அடி நடந்தால் ஒரு பல்பொருள் அங்காடிக் கட்டடத்துக்குள் இரண்டாவது மின்தூக்கி. பாதிக் குன்று ஏறியாயிற்று. அங்கிருந்து சாந்தா லூசியா கோவில் முற்றத்துக்குப் போங்கள். ஆறும் ஓட்டுக்கூரைகளும் தெரிகிற பக்கம் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கோவிலின் வெளிச்சுவரைப் பாருங்கள். நீலவெள்ளை ஓடுகளில் அரண்மனைத் திடல், நிலநடுக்கத்துக்கு முன்பு இருந்தபடி. சற்று முன் நீங்கள் உட்கார்ந்திருந்த அதே இடம், வேறொரு ஊர்.

அல்ஃபாமா பாறைமேல் நிற்கிறது. கீழே வண்டல் மண் கூழாகக் குலுங்கியபோது இது ஓரளவு தாக்குப்பிடித்தது. பெயரே அரபு, வெந்நீர் ஊற்று என்ற பொருளில் வந்தது. தெருக்களும் அரபுக் காலத்தவை, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வாசலில் ஒதுங்க வேண்டும். இங்கே வரைபடத்தை மூடிவிடுங்கள், கைபேசி எப்படியும் குழம்பிவிடும். இறங்குகிற பக்கம் ஆறு, அது போதும். மேலே துணி காயும், கீழே மத்தி வறுபடும். ஓரிடத்தில் பாட்டு கேட்கும். ஃபாடோ இசையை உட்கார்ந்து கேட்பது இரவுக் காரியம், ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டிய உங்களுக்கு அதில் இடமில்லை.

மூன்றாவது பயணத்தில் இந்தப் பகுதியில்தான் தங்கினேன். வீட்டுக்கார அம்மாள் என் கையில் இரண்டு சாவிகளைக் கொடுத்து ‘ஷாவ்’ என்றார். காற்று அடிக்கும், சாத்திவிடு என்று கைகாட்டி ‘ஷனெல’ என்றார். மேசையைத் தட்டி ‘மேஸ’, துண்டை நீட்டி ‘துவால்ய’. போர்த்துகீசியம் ஒரு வார்த்தை தெரியாத நான் தலையாட்டிக்கொண்டே போனேன். சாவி, ஜன்னல், மேசை, துவாலை. நம் வீட்டுச் சொற்களை அவர் அவருடைய வீட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு சின்ன விஷயம் கவனித்தேன். அவர்கள் இப்போது ‘ஷ’ என்று மழுக்கிச் சொல்வதைப் பதினாறாம் நூற்றாண்டில் ‘ச்ச’ என்றே சொன்னார்கள். நம் சாவிக்கு முன்னால் இருப்பது அந்தப் பழைய ஒலி. பதிலுக்கு நாம் கொடுத்ததும் உண்டு. அவர்கள் கடையில் மாம்பழத்தின் பெயர் ‘மங்க’, உணவகப் பலகையில் குழம்பின் பெயர் ‘கரில்’. இரண்டும் நம் கரையிலிருந்து கப்பலேறியவை.

மதியச் சாப்பாட்டுக்குப் படம் போட்ட பட்டியலோடு வாசலில் ஆள் நின்று கூப்பிடும் கடைகளைத் தவிர்த்துவிட்டு, காகித விரிப்பு போட்ட சின்ன ‘தாஷ்க’ ஒன்றில் அன்றைய சாப்பாடு என்ன என்று கேளுங்கள். உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி வைப்பார்கள். விருந்தோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள், தொட்டால் பில்லில் ஏறும். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். சைவர்கள் கீரை சூப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம், அடியில் ஒரு துண்டு பன்றித் தொத்திறைச்சி படுத்திருக்கும்.

சாப்பிட்டதும் மறுபடி பைஷாவுக்கு இறங்கி எதிர்க்குன்றுக்கு ஏற வேண்டும். சாந்தா ஜுஸ்தா இரும்பு மின்தூக்கி 1902இல் கட்டியது, 45 மீட்டர் உயரம், அழகான வேலைப்பாடு. அது ஓடும் நாட்களில் வரிசை பாதித் தெருவுக்கு நிற்கும். அண்ணாந்து பார்த்துவிட்டு பைஷா-ஷியாடோ மெட்ரோ நிலையத்துக்குள் நுழையுங்கள். கீழ்வாசலிலிருந்து மேல்வாசலுக்கு நகரும் படிகள் அடுக்கடுக்காக ஏற்றிவிடும், டிக்கெட் தேவையில்லை. (சாய்வுத் தண்டவாள ஊர்திகளை நம்பித் திட்டமிடாதீர்கள். 2025 செப்டம்பர் 3 அன்று குளோரியா ஊர்தி தடம்புரண்டு 16 பேர் இறந்தார்கள்.) மேலே வந்ததும் கரெட் தெருவில் பெர்த்ரான் புத்தகக் கடை இருக்கும். 1732இல் தொடங்கியது, நிலநடுக்கத்தில் கடை போய், 1773இல் இந்தத் தெருவுக்கு வந்தது.

கார்மோ மடம் அங்கிருந்து ஐந்து நிமிடம். 1389இல் தொடங்கிய கோதிக் கோவில். நிலநடுக்கம் வந்த அன்று காலை கூரை உள்ளே விழுந்தது. மறுபடி கட்டத் தொடங்கி, 1834இல் மடங்களையே அரசு கலைத்தபோது வேலையும் நின்றது. அதன் பின் யாரும் கூரை போடவில்லை. உள்ளே போனால் விலா எலும்புகள்போல வளைவுகள் மட்டும் வானத்தில் நிற்கும், தரையில் புல். ஞாயிறு மூடியிருக்கும், மற்ற நாட்களில் மாலை நான்கு மணி வெயிலில் போங்கள். வளைவுகளின் நிழல் புல்லின்மேல் சரிந்து, கூரை இருந்திருந்தால் எங்கே நின்றிருக்கும் என்று தரையில் வரைந்து காட்டும். காலையில் பார்த்த சாவ் டொமிங்கோஸின் தூண்களோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அங்கே காயத்துக்கு மேல் கூரை போட்டுப் பூசை செய்கிறார்கள், இங்கே கூரையே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

மடத்துக்கு வெளியே நிழல் நிறைந்த சின்னச் சதுக்கம். 1974 ஏப்ரல் 25 அன்று சர்வாதிகார அரசின் கடைசிப் பிரதமர் மார்செலோ கயத்தானோ பக்கத்துப் படைமுகாமில் ஒளிந்திருக்க, சல்கெய்ரோ மாயா என்ற முப்பது வயதுகூட ஆகாத கேப்டன் கவச வண்டிகளோடு இந்த இடத்தில்தான் நின்றார். மக்கள் மரமேறிப் பார்த்தார்கள். மாலைக்குள் கயத்தானோ சரணடைந்துவிட்டார். துப்பாக்கிக் குழலில் கார்னேஷன் பூ செருகிய படங்கள் அன்றையவை.

ஐந்து மணிக்குள் இவை முடிந்துவிடும். இப்போது பெலேம். கடற்கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்தால் போதும். ஜெரோனிமுஸ் மடம்தான் முக்கியம். மாலையில் உள்ளே போக நேரம் கிடைக்காமல் போகலாம், திங்கள் விடுமுறை வேறு. கிடைத்தால் வாஸ்கோ ட காமாவின் கல்லறை வாசலுக்கு அருகிலேயே இருக்கிறது. 1500களின் தொடக்கத்தில் எழுந்த இந்த மடத்துக்குக் கீழை வணிகத்தின் மீது விதித்த இருபதில் ஒரு பங்கு வரிதான் செலவுக்குக் காசு. மிளகு கல்லாக மாறி நிற்கிறது என்று சொல்லலாம். நிலநடுக்கத்துக்கும் பெரிதாக அசையவில்லை. எனக்கு அந்தக் கல்லறையைவிட, இதே லிஸ்பனில் 1554இல் அச்சான ஒரு சின்ன மறைக்கல்வி நூல்தான் நினைவுக்கு வரும். மொழி தமிழ், எழுத்து ரோமன், பக்கத்தில் போர்த்துகீசியம். அச்சேறிய முதல் தமிழ் அதுதான். தமிழ் எழுத்திலேயே ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சாக இன்னும் 24 ஆண்டுகள் இருந்தன. கிளம்பும் முன், பெலேமில் 1837 முதல் விற்கும் முட்டைக்கரு பால் அப்பத்தை வாங்கி, இலவங்கப்பட்டைத் தூள் தூவி, சூடாகவே தின்றுவிடுங்கள். பார்சல் கட்டினால் மேலோடு நமுத்துவிடும்.

பெலேமிலிருந்து ரயிலில் கைஷ் து சொத்ரே நிலையம் சில நிமிடங்கள்தான். அங்கே இறங்கி விமான நிலையத்துக்கு உடனே ஓட வேண்டாம். நிலையத்தின் பின்னால் படகுத்துறை. அக்கரையில் கசீல்யஷ் என்ற ஊருக்கு, வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் போகும் சாதாரணப் பயணிகள் படகு, பத்து நிமிடப் பயணம். அதே அட்டையைத் தட்டி ஏறுங்கள். ஏறியதும் பின்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். படகு நகர நகர ஊர் முழுதாக விரியும். இடப்பக்கக் குன்றின் உச்சியில் கூரையில்லாத கார்மோ, வலப்பக்கக் குன்றில் விளக்கேறத் தொடங்கிய அல்ஃபாமா, இரண்டுக்கும் நடுவே தட்டையாக, நேர்க்கோடாக பைஷா. சுற்றிலும் இருப்பவர்கள் கைபேசியில் தலைகவிழ்ந்திருப்பார்கள் அல்லது தூங்கிக்கொண்டிருப்பார்கள். அக்கரையில் இறங்கி, திரும்பி வரும் அடுத்த படகில் ஏறினால் எட்டு மணிக்குள் மெட்ரோவைப் பிடித்துவிடலாம்.